இருபத்திரண்டாம் கதவு

1. இரண்டே எழுத்து

1969 அக்டோபர் 29. லாஸ் ஏஞ்சலஸில் இரவு பத்தரை மணியிருக்கும்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகத்தில், போல்ட்டர் கூடத்தின் 3420ஆம் எண் அறை. சிக்மா 7 என்ற கம்ப்யூட்டரோடு இணைந்த தட்டச்சுப் பலகையின் முன்னால் சார்லி கிளைன் என்ற மாணவர் உட்கார்ந்திருக்கிறார். காதில் தொலைபேசி. மறுமுனையில் பில் டுவால். அவர் இருப்பது ஏறத்தாழ 560 கிலோமீட்டர் வடக்கே, மென்லோ பார்க்கில் உள்ள ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில். இரண்டு ஊர்களின் கம்ப்யூட்டர்களையும் ஒரு கம்பி இணைக்கிறது. இணைத்து வைத்திருக்கிறார்களே தவிர, அது வேலை செய்யுமா என்று இன்னும் யாருக்கும் தெரியாது.

கிளைனுக்கு வேலை ஒன்றுதான். உட்கார்ந்த இடத்தை விட்டு எழாமல் அந்த ஊர் கம்ப்யூட்டருக்குள் நுழைய வேண்டும். அதற்கு 'லாகின்' என்று அடிக்க வேண்டும். ஆங்கிலத்தில் ஐந்து எழுத்து. எல் அடித்தார். வந்ததா என்று போனில் கேட்டார். வந்தது. ஓ அடித்தார். அதுவும் வந்தது. ஜி அடித்தார். ஸ்டான்ஃபோர்டு கம்ப்யூட்டர் அப்படியே படுத்துவிட்டது.

காரணம் சின்னதுதான். வந்து விழும் எழுத்துகளைப் பிடித்து வைக்க டுவால் ஒதுக்கியிருந்த இடம் போதவில்லை, நிரம்பி வழிந்துவிட்டது. அவர் அதைப் பெரிதாக்கினார். சுமார் ஒரு மணி நேரத்தில் மறுபடி முயன்றார்கள். இம்முறை கிளைன் உள்ளே போய்விட்டார்.

இந்தக் கதையை எங்கே சொன்னாலும் 'இரண்டே எழுத்தோடு இணையம் பிறந்தது' என்ற அழகில் எல்லோரும் நின்றுவிடுகிறார்கள். என்னை ஈர்ப்பது வேறு. அந்தக் கம்பியில் முதன்முதலாக அனுப்பப்பட்டது வாழ்த்து இல்லை, கடிதம் இல்லை, கணக்கு இல்லை. தொலைவில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டரின் கதவைத் தட்டி, உள்ளே வரலாமா என்று கேட்டதுதான். இன்றைக்குக் கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்து, கண்டம் தாண்டி இருக்கும் சர்வருக்குள் நுழைகிற ஒவ்வொருவரும் கிளைன் அன்றிரவு செய்ததையே செய்கிறார். அவருக்கும் நமக்கும் நடுவில் ஒரு பூட்டு வந்து சேர்ந்திருக்கிறது. அந்தப் பூட்டின் வரலாறுதான் இந்தத் தொடர்.

கிளைன் இருந்த அதே ஆய்வுக்கூடத்தில் ஜான் போஸ்டல் என்றொரு ஆராய்ச்சி மாணவரும் இருந்தார். இவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதைக்குள் இன்னும் இரண்டு முறை வரப்போகிறார்.

அந்த இரவுக்கு ஒரு மாதம் முன்பே, செப்டம்பர் 25ஆம் தேதி, யூட்டா பல்கலைக்கழகத்தின் ஸ்டீஃபன் கார் ஒரு குறிப்பு எழுதியிருந்தார். இணையத்தின் விதிகளும் யோசனைகளும் எண்ணிட்டு வெளியாகும் ஆர்எஃப்சி என்ற வரிசையில் அது 15ஆவது. ஓரிடத்துத் தட்டச்சுப் பலகையை வேறோரிடத்துக் கம்ப்யூட்டரோடு பேசவைக்கும் ஏற்பாட்டுக்கு அதில் அவர் வைத்த பெயர் டெல்நெட். பதினான்கு ஆண்டுகள் பலர் கைபட்டுத் தேறிய அந்த ஏற்பாட்டுக்கு 1983 மே மாதம் நிலையான விதி எழுதினார்கள். எழுதியவர்கள் இருவர். ஒருவர் ஜான் போஸ்டல், மற்றவர் ஜாய்ஸ் ரெனால்ட்ஸ்.

டெல்நெட்டைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. எந்த நிறுவனத்தின் கம்ப்யூட்டரும் எந்த நிறுவனத்தின் கம்ப்யூட்டரோடும் பேசலாம் என்பது அன்று எளிய காரியமில்லை. ஆனால் அது பேசியதெல்லாம் அஞ்சலட்டையில் எழுதியதுபோல. நீங்கள் ஓர் எழுத்து அடித்தால் அந்த எழுத்து அப்படியே கம்பியில் போகும். பெயர் கேட்டால் பெயர் போகும். பாஸ்வேர்டு கேட்டால் பாஸ்வேர்டும் போகும், எழுத்து எழுத்தாக, உறை இல்லாமல். திரையில் மட்டும் தெரியாது. அதனால் உட்கார்ந்து அடிப்பவருக்கு அது ரகசியம் என்று ஒரு நிம்மதி.

இப்படிச் செய்தவர்களை ஏமாளிகள் என்று சொல்லிவிட முடியாது. 1981இல் அந்த வலை முழுவதிலும் இருந்த கம்ப்யூட்டர்கள் 213. நடத்தியவர்களில் பெரும்பாலோர் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். எல்லோரும் எல்லோருக்கும் உறவு என்கிற சின்ன ஊரில் யார் வீட்டுக்குப் பூட்டு வாங்குவார்கள்?

அதே 1983இல் பெர்க்லியிலிருந்து வெளிவந்த யூனிக்ஸ் இயங்குதளம் இன்னும் ஒரு படி மேலே போனது. அதில் ஆர்லாகின், ஆர்எஸ்எச் என்ற கட்டளைகள் இருந்தன. முதலில் உள்ள 'ஆர்', ரிமோட் என்பதைக் குறிக்கும். 'இந்த இந்தக் கம்ப்யூட்டரிலிருந்து வருகிறவர் நம்மவர்' என்று ஒரு கோப்பில் எழுதி வைத்துவிட்டால் போதும். அங்கிருந்து வருகிறவரிடம் பாஸ்வேர்டே கேட்காது. இன்னார் வீட்டுப் பிள்ளை என்றதும் திண்ணையில் இருப்பவர் உள்ளே விடுவது போல.

இன்னார் வீட்டுப் பிள்ளைதானா என்று அது சரிபார்த்த விதம் ஒன்றே ஒன்று. வந்த செய்தியின் அனுப்புநர் முகவரியைப் பார்க்கும். அங்கே என்ன எழுதியிருக்கிறதோ, அதை நம்பும்.

1995 பிறக்கும்போது இணையத்தில் இருந்த கம்ப்யூட்டர்கள் 40 லட்சத்துக்கும் மேல். அதற்கு ஒரு வாரம் முன்பு, 1994 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். சான் டியேகோ அருகே, ஆள் இல்லாத ஒரு வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. பிற்பகல் 2 மணி 9 நிமிடத்துக்கு யாரோ வெளியிலிருந்து அவற்றை விசாரிக்கத் தொடங்கினார்கள்.

(தொடரும்)


2. இரண்டு கூட்டல் குறிகள்

அந்த வீட்டுக்காரர் சுட்டோமு ஷிமோமுரா. சான் டியேகோ சூப்பர் கம்ப்யூட்டர் மையத்தின் விஞ்ஞானி; கம்ப்யூட்டர் பாதுகாப்பில் பெயர் பெற்றவர். விடுமுறைக்கு வெளியூர் போயிருந்தார். அவருடைய இரண்டு கம்ப்யூட்டர்களில் ஒன்று மற்றொன்றை நம்பும். நாம் போன வாரம் பார்த்த திண்ணை நம்பிக்கைதான்.

வந்தவருடைய திட்டம் இது: நம்பப்படும் கம்ப்யூட்டர்போல் வேடமிட்டு, நம்பும் கம்ப்யூட்டரிடம் பேச வேண்டும். அனுப்புநர் முகவரியை மாற்றி எழுதுவது சுலபம். சிக்கல் வேறிடத்தில். இரண்டு கம்ப்யூட்டர்கள் பேசத் தொடங்கும்போது, அழைக்கப்பட்டது ஓர் எண்ணைச் சொல்லும். அழைத்தது அந்த எண்ணை வாங்கிக்கொண்டதற்கு அடையாளம் காட்ட வேண்டும். பொய் முகவரி கொடுத்தால் அந்த எண் பொய் முகவரிக்காரரிடம் போகும். வேடதாரியின் கைக்கு வராது. போதாததற்கு, அந்த உண்மையான முகவரிக்காரர் 'நான் அழைக்கவே இல்லையே' என்று சொல்லி இணைப்பை அறுத்துவிடுவார்.

ஆகவே முதல் காரியமாக நம்பப்படும் கம்ப்யூட்டரின் வாயை அடைத்தார். பாதியில் நிற்கும் அழைப்புகளாகக் கொட்டி, வேறெதற்கும் பதில் சொல்ல முடியாதபடி அதைத் திணறவைத்தார். இரண்டாவது, நம்பும் கம்ப்யூட்டரை வேறொரு பல்கலைக்கழக முகவரியிலிருந்து 20 முறை அழைத்து, ஒவ்வொரு முறையும் அது சொன்ன எண்ணைக் குறித்துக்கொண்டார். ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் எண் சரியாக 128,000 கூடியது. அப்புறம் என்ன? அடுத்த எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கூட்டினால் போதும்.

வேடமிட்டு அழைத்தார். தன் கண்ணால் பார்க்காத எண்ணைச் சரியாகச் சொன்னார். கதவு திறந்தது. ஒரே ஒரு கட்டளை அனுப்பினார்: நம்பிக்கைக் கோப்பின் கடைசியில் இரண்டு கூட்டல் குறிகளைச் சேர்.

அந்தக் கோப்பின் மொழியில் ஒரு கூட்டல் குறிக்கு 'எந்தக் கம்ப்யூட்டரும்' என்று பொருள். இன்னொன்றுக்கு 'எந்த ஆளும்'. இரண்டையும் எழுதினால், உலகில் யார் வந்தாலும் நம்மவர்.

வேடத்தோடு அனுப்பிய முதல் செய்தியிலிருந்து எல்லாம் முடிய 16 விநாடிகூட ஆகவில்லை. பாஸ்வேர்டு திருடப்படவில்லை, கேட்கப்படவே இல்லை.

சந்தேகம் கெவின் மிட்னிக் மேல் விழுந்தது. ஏற்கெனவே தேடப்பட்டு வந்தவர். ஷிமோமுராவே தடம் பிடிக்க உதவ, 1995 பிப்ரவரி 15 அன்று வட கரோலினாவின் ராலே நகரில் கைதானார். அந்தத் துரத்தல் பற்றிப் புத்தகங்களும் சினிமாவும் வந்துவிட்டன. எனக்கு அதைவிட நெஞ்சில் தைப்பது ஒரு தேதி. எண்ணை ஊகித்து வேடமிடலாம் என்பதை பெல் ஆய்வகத்தில் ஓர் இளைஞர் கட்டுரையாக எழுதி எச்சரித்துவிட்டார், 1985 பிப்ரவரியில். பத்தாண்டுகள் அது அங்கேயே கிடந்தது. எழுதியவர் ராபர்ட் டி. மோரிஸ். 1988 நவம்பரில், இதே நம்பிக்கைக் கோப்புகளையும் ஒரு வழியாகக் கொண்டு ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் பரவிய புழுவை விட்டவரும் அவரேதான். எச்சரித்தும் காட்டியாயிற்று, செய்தும் காட்டியாயிற்று. கோப்பு மட்டும் அப்படியே இருந்தது.

மிட்னிக் விவகாரம் பத்திரிகைகளின் முதல் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த அந்த நாட்களில், வேடமிடத் தெரியாத, கூட்டிக் கழிக்கத் தெரியாத இன்னொரு வகைத் திருடர்கள் அதைவிடப் பெரிய அறுவடை செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் செய்தது ஒன்றுதான். சும்மா இருந்து கேட்டார்கள்.

அன்றைய அலுவலக நெட்வொர்க்கை இப்படி எண்ணிப் பாருங்கள். தபால்காரர் தெருமுனையில் நின்றுகொண்டு எல்லாக் கடிதங்களையும் உரக்கப் படிக்கிறார். ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் பெயர் வரும்போது மட்டும் காது கொடுக்கிறார். மற்ற நேரம் காதைப் பொத்திக்கொள்கிறார். ஒரே கம்பியில் கட்டிய ஈதர்நெட் அப்படித்தான் ஓடியது. செய்தி எல்லாக் கம்ப்யூட்டருக்கும் போகும்; தனக்கு இல்லாததை ஒவ்வொன்றும் தானாக ஒதுக்கிவிடும். ஒதுக்காதே, எல்லாவற்றையும் வாங்கு என்று ஒரு கம்ப்யூட்டருக்குச் சொல்வது சிரமமில்லை. நெட்வொர்க்கைப் பழுது பார்க்கிறவர்களுக்கு அந்த வசதி தேவை என்பதால் அது உள்ளேயே இருந்தது.

இப்படிக் கேட்கும் புரோகிராமுக்கு ஸ்னிஃபர் என்று பெயர். மோப்பம் பிடிப்பது. முழுப் பேச்சும் அதற்கு வேண்டாம். ஒவ்வொரு டெல்நெட் இணைப்பின் ஆரம்பத்தில் வரும் சில எழுத்துகள் போதும். பெயரும் பாஸ்வேர்டும் அங்கேதான் இருக்கும். ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே போகும். திருடர் வாரம் ஒருமுறை வந்து கோப்பை எடுத்துப் போவார். கதவு உடையாது, கம்ப்யூட்டர் மெதுவாகாது, யாருக்கும் எதுவும் குறையாது. 1994 பிப்ரவரி 3 அன்று, கம்ப்யூட்டர் பாதுகாப்பைக் கவனிக்கும் அமெரிக்காவின் செர்ட் அமைப்பு இதைப் பற்றி எல்லா நிர்வாகிகளுக்கும் அவசர எச்சரிக்கை விட்டது. ஆபத்துக்கு உள்ளான கம்ப்யூட்டர்கள் பல்லாயிரம் என்றது.

இனி பின்லாந்துக்கு வருவோம்.

ஹெல்சிங்கியை ஒட்டிய எஸ்போ நகரில், ஓட்டானியெமி என்ற இடத்தில் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். 1995. பல்கலைக்கழகத்தின் முதுகெலும்புக் கம்பியோடு நேரே இணைந்திருந்த ஒரு கம்ப்யூட்டரில் ஸ்னிஃபர் ஒன்று உட்கார்ந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அது சேர்த்து வைத்திருந்த கோப்பைத் திறந்தார்கள். வரிக்கு வரி பெயர், பக்கத்தில் பாஸ்வேர்டு. ஆயிரக்கணக்கில்.

அங்கே ஆராய்ச்சியாளராக இருந்த தாத்து யுலோனன் இதை அறிந்தார். இந்த மாதிரி நேரத்தில் யாரும் செய்வது என்ன? ஸ்னிஃபரை அழிப்பார்கள், எல்லோரும் இன்றே பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்று சுற்றறிக்கை விடுவார்கள்.

மாற்றுவதற்கு ஒவ்வொருவரும் கம்ப்யூட்டருக்குள் நுழைய வேண்டும். டெல்நெட் வழியாக. புதுப் பாஸ்வேர்டும் அதே கம்பியில், அதே அஞ்சலட்டையில், எழுத்து எழுத்தாகத்தான் போகும்.

(தொடரும்)


3. காலி மனை

அந்த வசந்தத்தில் யுலோனன் எழுதத் தொடங்கினார்.

அவர் புதிதாகக் கணிதம் எதையும் கண்டுபிடிக்கவில்லை. தேவையான கணிதம் இருபது ஆண்டுகளாக இருந்தது. முன்பின் அறியாத இருவர், எல்லோரும் கேட்கும்படி பேசியே தங்களுக்குள் ஒரு ரகசியத்தை உண்டாக்கிக்கொள்ள முடியும் என்று விட்ஃபீல்டு டிஃபியும் மார்ட்டின் ஹெல்மேனும் 1976இல் காட்டினார்கள். அடுத்த ஆண்டே ரிவெஸ்ட், ஷமீர், அடில்மேன் மூவரும், அவர்களின் பெயரின் முதலெழுத்துகளால் ஆர்எஸ்ஏ எனப்படும் முறையைத் தந்தார்கள். அதில் பூட்டு வேறு, சாவி வேறு. பூட்டை ஊருக்கெல்லாம் கொடுக்கலாம்; யார் வேண்டுமானாலும் பூட்டலாம். திறக்கும் சாவி ஒருவரிடம் மட்டும்.

இவ்வளவு இருந்தும் தினசரி வேலைக்குப் பெரும்பாலோர் பயன்படுத்தவில்லை. ஒரு காரணம் சட்டம். அமெரிக்கா பலமான மறைகுறியீட்டைப் போர்த்தளவாடத்தோடு சேர்த்திருந்தது. உரிமம் இல்லாமல் நாட்டைத் தாண்டக்கூடாது. மின்னஞ்சலைப் பூட்டும் பிஜிபி புரோகிராமை 1991இல் எழுதிய ஃபில் ஜிம்மர்மேன் மேல் 1993 முதல் விசாரணை நடந்துகொண்டிருந்தது. பின்லாந்தில் அப்படிப்பட்ட தடை இல்லை. ஆர்எஸ்ஏ முறைக்கு அப்போது இருந்த காப்புரிமையும் அமெரிக்காவுக்குள்தான் செல்லுபடியானது. அப்போது சுமார் 50 லட்சம் பேர் வாழ்ந்த அந்த நாட்டிலிருந்து 1988இல் ஐஆர்சி அரட்டை வந்தது, 1991இல் லினக்ஸ் வந்தது. 1995இல் அடுத்தது வந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. எழுதியதைத் திறந்து கொடுப்பது அங்கே பழக்கமாகியிருந்தது.

யுலோனன் கட்டிய பூட்டு எப்படி வேலை செய்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இந்தக் கதையின் உயிர் அதில்தான் இருக்கிறது.

நீங்கள் அழைத்ததும் அந்த ஊர் சர்வர் இரண்டு பூட்டுகளை நீட்டும். ஒன்று அதன் நிரந்தரப் பூட்டு, வழக்கமாக 1,024 பிட் நீளம். மற்றொன்று 768 பிட். அது தற்காலிகம், மணிக்கு ஒருமுறை புதிதாகச் செய்துகொள்ளும். அதன் சாவியை நினைவில் மட்டும் வைத்திருக்கும், வட்டில் எழுதவே எழுதாது. உங்கள் கம்ப்யூட்டர் அந்த இணைப்புக்கென்று 256 பிட் நீளத்தில் ஒரு ரகசிய எண்ணை உருட்டி எடுத்து, இரண்டு பூட்டுகளும் போட்டு அனுப்பும். அதன் பிறகு பேசும் ஒவ்வோர் எழுத்தும் அந்த எண்ணால் கலைக்கப்பட்டுத்தான் போகும். இன்று முழுவதும் ஒருவர் ஒட்டுக்கேட்டுச் சேர்த்து வைத்து, நாளைக்கு அந்த சர்வரையே தூக்கிக்கொண்டு போனாலும் பயனில்லை. நேற்றைய தற்காலிகச் சாவி அதற்குள் அழிந்திருக்கும்.

பாஸ்வேர்டு கேட்கப்படுவது இதெல்லாம் முடிந்த பிறகுதான். தபால்காரர் உரக்கத்தான் படிக்கிறார், ஆனால் யாருக்கும் புரியாத எழுத்துக்கூட்டத்தை.

பாஸ்வேர்டே வேண்டாம் என்றாலும் வழி வைத்தார். உங்கள் பூட்டை முன்கூட்டியே அந்த சர்வரில் மாட்டி வைத்துவிடலாம். நீங்கள் வந்து நின்றால் சர்வர் ஒரு புதிய எண்ணை அந்தப் பூட்டில் பூட்டி உங்களிடம் கொடுக்கும். திறந்து காட்ட முடிந்தவர் நீங்கள் மட்டும்தான். 'இன்னார் வீட்டிலிருந்து வருகிறேன்' என்ற வாய்ச்சொல்லுக்கு இனி மதிப்பில்லை. சான் டியேகோவில் அந்தக் கிறிஸ்துமஸ் பிற்பகலில் இது இருந்திருந்தால் 128,000ஐக் கூட்டிப் பயன் இருந்திருக்காது.

ஒரு கேள்வி மட்டும் மிஞ்சும். பூட்டை நீட்டுவது உண்மையிலேயே அந்த சர்வர்தானா, நடுவில் புகுந்த ஒருவனா? முதல் முறை போகும்போது இதற்கு விடை சொல்ல யாரும் இல்லை. ஆகவே புரோகிராம் உங்களிடமே அதை விட்டுவிடுகிறது: இந்த சர்வரை இதுவரை எனக்குத் தெரியாது, தொடரட்டுமா? 'எஸ்' என்றால் பூட்டை நினைவில் வைத்துக்கொள்ளும். மறுமுறை வேறு பூட்டு வந்தால் கூச்சல் போடும். அந்தக் கேள்வியைப் படிக்காமலே நானும் பல ஆண்டுகள் 'எஸ்' அடித்திருக்கிறேன். அதைக் கேட்க வைத்ததன் பின்னால் எவ்வளவு யோசனை இருந்தது என்று தெரிந்த பிறகு அப்படிச் செய்ய முடிவதில்லை.

பூட்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மாட்டச் சிரமப்பட்டால் யாரும் மாட்டமாட்டார்கள். யுலோனனின் பெரிய கெட்டிக்காரத்தனமாக நான் கருதுவது இதைத்தான். ஆர்எஸ்எச் என்று அடித்தவர்கள் எஸ்எஸ்எச் என்று அடித்தால் போதும். ஆர்லாகின், எஸ்லாகின் ஆனது. கோப்பு நகலெடுக்கும் ஆர்சிபி, எஸ்சிபி ஆனது. ரிமோட்டின் 'ஆர்' போய் செக்யூரின் 'எஸ்' வந்தது. விரலின் பழக்கத்தில் மாறியது ஓர் எழுத்து. செக்யூர் ஷெல் என்பதே அதன் விரிவு.

ஜூலை வந்தது. வெளியிட வேண்டும். அதற்கு முன் ஒரு காரியம் பாக்கி.

இணையத்தில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் எண்ணிட்ட கதவுகள் உண்டு, போர்ட் என்பார்கள். 65,535 வரை போகும். அவற்றில் முதல் 1,023 கதவுகள் பெரியவர்களுடைய தெரு; யூனிக்ஸில் நிர்வாகியைத் தவிர வேறு எவரும் அங்கே கடை திறக்க முடியாது. 21ஆம் கதவில் கோப்புகளை அனுப்பும் எஃப்டிபி. 23ஆம் கதவில் டெல்நெட். 25இல் மின்னஞ்சல். யுலோனன் பட்டியலைப் பார்த்தார். தன்னுடைய புரோகிராம் எந்த இரண்டை வீட்டுக்கு அனுப்ப வந்திருக்கிறதோ, அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மனை காலியாகக் கிடந்தது. 22. சோதனைப் பதிப்பை அதில்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். ஆனால் முறையாகக் கேட்டு வாங்கினால்தானே அது தனக்கு ஆகும்?

கேட்க வேண்டிய இடம் ஐயானா. லாஸ் ஏஞ்சலஸ் அருகே, மரினா டெல் ரேயில், தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையத்திலிருந்து இயங்கியது. இணையத்தின் எண்களையெல்லாம் அங்கே இரண்டு பேர்தான் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் ஜான் போஸ்டல். மற்றவர் ஜாய்ஸ் ரெனால்ட்ஸ்.

ஆம், அவர்களேதான். 1969இல் முதல் கதவு தட்டப்பட்ட ஆய்வுக்கூடத்தின் மாணவர். 1983இல் அவரோடு சேர்ந்து டெல்நெட்டின் விதியை எழுதியவர். அவர்களிடம் போய், டெல்நெட்டுக்குப் பதிலாக ஒன்று செய்திருக்கிறேன், அதன் பக்கத்து வீட்டு எண்ணைக் கொடுங்கள் என்று கேட்க வேண்டும். பிற்காலத்தில் யுலோனன் நினைவுகூர்ந்திருக்கிறார்: அந்த எண் கிடைத்தால் தன் வேலைக்கு ஒரு மதிப்பு வரும் என்று எண்ணினாராம்.

1995 ஜூலை 10 அன்று மின்னஞ்சல் அனுப்பினார். புரோகிராம் என்ன செய்கிறது என்று சுருக்கமாகச் சொல்லி, 22 கிடைக்குமா என்று கேட்டார்.

மறுநாளே பதில் வந்துவிட்டது. எழுதியவர் ஜாய்ஸ். 22ஆம் எண் எஸ்எஸ்எச்சுக்கு ஒதுக்கப்பட்டது, தொடர்புக்கு உரியவர் நீங்கள். அவ்வளவுதான். குழு இல்லை, கட்டணம் இல்லை, காத்திருப்பு இல்லை. தாங்கள் வளர்த்ததற்கு மாற்றாக வந்ததற்குப் பக்கத்திலேயே இடம் எழுதிக்கொடுத்தார்கள். இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த இருவர் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

ஜூலை 12 அன்று எஸ்எஸ்எச் 1.0 வெளியானது. மூல நிரலோடு, காசில்லாமல்.

ஆண்டு முடிவதற்குள் 50 நாடுகளில் சுமார் 20,000 பேர் பயன்படுத்தினார்கள். யுலோனனுக்கு உதவி கேட்டு வந்த மின்னஞ்சல்கள் நாளுக்கு 150. ஒரு மனிதர் எத்தனை நாள் 150 கடிதத்துக்குப் பதில் எழுத முடியும்? டிசம்பரில் அவர் ஒரு நிறுவனம் தொடங்கினார். நிறுவனம் என்றால் வருமானம் வேண்டும். வருமானம் என்றால் உரிமம். ஒவ்வொரு புதிய பதிப்பிலும் உரிம நிபந்தனைகள் இறுகிக்கொண்டே வந்தன. அவரைக் குறை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. ஆனால் உலகமே ஒரே பூட்டுக்குப் பழகிய பின், அந்தப் பூட்டைத் திறந்து பார்க்கவும் செப்பனிடவும் ஒருவர் அனுமதி வேண்டியிருந்தது.

1999. ஸ்வீடனைச் சேர்ந்த பியோர்ன் குரோன்வால் பழைய பதிப்புகளைப் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டே போனார். எந்தப் பதிப்புவரை நிபந்தனையில்லாமல் எடுத்தாளலாம் என்று தேடினார். 1.2.12 என்ற பதிப்பில் வந்து நின்றார். அதை எடுத்துப் பிழை திருத்தி ஓஎஸ்எஸ்எச் என்று வெளியிட்டார்.

அது கனடாவின் கால்கரியில் இருந்த தியோ டி ராட் கண்ணில் பட்டது. பாதுகாப்பையே வேதமாகக் கொண்ட ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளம் அவருடையது. அதன் அடுத்த பதிப்பு டிசம்பர் 1 அன்று வர வேண்டும். கையில் ஏறக்குறைய இரண்டு மாதம். அதற்குள் இந்தப் பூட்டை அக்கக்காகக் கழற்றி, காப்புரிமைச் சிக்கல் உள்ள பாகங்களை வெளியே எடுத்து, மறுபடி மாட்டி, இலவசமாக உலகுக்குக் கொடுத்துவிடலாம் என்று அவரும் தோழர்களும் துணிந்தார்கள்.

கழற்றியபோது அவர்கள் முன்னால் ஏற்கெனவே தெரிந்த ஒரு விரிசல் இருந்தது. செய்தி வழியில் திருத்தப்படவில்லை என்று உறுதி செய்ய யுலோனன் பயன்படுத்திய கணக்கு அந்த வேலைக்குப் போதாது என்று, அர்ஜென்டினாவின் கோர் எஸ்டிஐ நிறுவனத்தார் 1998இலேயே கண்டுபிடித்திருந்தார்கள். கண்டுபிடித்ததோடு விடாமல், அதை அடைக்க ஓர் ஒட்டும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். எஸ்எஸ்எச் புரோகிராம்கள் பலவும் அந்த ஒட்டை எடுத்துக்கொண்டன. கால்கரிக்காரர்களின் பூட்டிலும் அது ஏறியது.

அந்த ஒட்டுக்குள் ஓரிடத்தில், 32 பிட் வேண்டிய ஓர் எண்ணை 16 பிட் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். அதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

(தொடரும்)